சம்பந்தம் கை

லேத் வைத்திருப்பவனுக்கு வீட்டில் பெரிய மரியாதை இருக்காது. கூடத்தில் நடந்தால் இரும்புச் சுருள் காலில் குத்தும். சாப்பாட்டுத் தட்டைத் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. கல்யாணமான புதிதில் என் மனைவி ஸ்வர்ணலதா, "உங்களுக்குப் பதிலா ஒரு செக்குக்காரரைக் கட்டிகினு இருந்தா எண்ணெயாவது மிச்சமாயிருக்கும்" என்பாள். நான் சிரித்துக்கொள்வேன். எதையும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்ளும் சுபாவம் எனக்கு. ஆரணியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

நீங்கள் அந்தக் கையைப் பார்த்து, படம் எடுத்து, கண்காட்சியில் வைக்கலாமா என்று விசாரிக்க வேலூரிலிருந்து வந்தவர். கையைப் பற்றி நிச்சயம் சொல்கிறேன். ஆனால் அது டூல் ஹோல்டரிலிருந்து பிறந்த சாமான். ஹோல்டரைச் சொல்லாமல் கையைச் சொன்னால் பாதிதான் விளங்கும். அவசரம் இல்லையென்றால் உட்காருங்கள்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பட்டுத் தறி. எங்கள் வீட்டிலும் இருந்தது. எனக்குப் பட்டு ஒத்துவரவில்லை. ஓர் இழை அறுந்தால் குனிந்து தேடி எடுத்து முடிச்சுப் போடுகிற பொறுமை என் தம்பிக்கு இருந்தது, எனக்கு இல்லை. தொண்ணூற்று மூன்றில் ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து பழைய லேத் ஒன்றை லாரியில் ஏற்றிவந்தேன். கூடத்தில் இருந்த தறிக்குழியைக் கான்கிரீட் போட்டு மூடி, அதன்மேல் நிறுத்தினேன். அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, தறியைவிடச் சத்தம் குறைவாகத்தான் இருக்கிறது என்றார். தம்பி தறியோடு அடுத்த வீட்டுக்குப் போனான். விசைத்தறிகளுக்கு வேண்டிய ரோலர், புஷ், பின் எல்லாம் கடைந்து கொடுத்து நான் சௌகரியமாகவே இருந்தேன்.

லேத் என்பது இரும்பைச் சுழலவிட்டு உளியால் சீவுகிற யந்திரம், அவ்வளவுதான். அந்த உளியைத்தான் டூல் என்கிறோம். டூலின் முனை, சுழலும் இரும்பின் நட்டநடு மையத்துக்கு நேராக நிற்கவேண்டும். கொஞ்சம் மேலே போனால் வெட்டாமல் உரசும். கீழே போனால் இரும்பு டூலின்மேல் ஏறி உட்காரப் பார்க்கும். அந்த உயரத்துக்குக் கொண்டுவர டூலுக்கு அடியில் தகடு வைத்து முட்டுக்கொடுப்போம். சவர பிளேடு, பவுடர் டப்பா மூடி, காலண்டர் தகரம், எது கையில் கிடைத்தாலும் சரி. ஒரு டூலைக் கழற்றி இன்னொன்றைப் போட்டால் மறுபடியும் தகடு தேடவேண்டும். பாதிப் பொழுது இந்தத் தேடலிலேயே போய்விடும். டூலை ஒரே உயரத்தில் பிடித்து நிறுத்தும் ரெடிமேட் ஹோல்டர் சென்னையில் விற்றார்கள். விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அப்புறம்தான் நானே செய்தேன். பழைய இரும்புக் கடையில் லாரி அச்சுத் துண்டு ஒன்று கிடைத்தது. அதைச் சதுரமாக்கி, ஒரு பக்கத்தில் வாய் குறுகி அடி அகன்ற காடி வெட்டவேண்டும். லேத்தில் டூலைத் தாங்கும் கட்டையான போஸ்டின் முனைப்பில் அந்தக் காடியை மேலிருந்து சொருகினால் முன்னேயும் அசையாது, பின்னேயும் அசையாது. இந்த மாதிரிக் காடி வெட்டுவதற்கு வேறு மிஷின் இருக்கிறது. என்னிடம் இல்லை. அதனால் வழக்கத்தைத் தலைகீழாக்கினேன். இரும்பு சுழலும் இடத்தில் டூலைப் பிடித்தேன், டூல் நிற்கும் இடத்தில் இரும்பைக் கட்டினேன். காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். வெட்டு சரியாக விழுந்தால் ஒரே சீரான சத்தம் வரும். சத்தம் மாறினால் உடனே நிறுத்திவிடவேண்டும். எத்தனை துண்டு வீணாயிற்று என்று கேட்காதீர்கள். கடைசியில் ஒன்று சரியாக வந்தது. அதை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் முக்கினேன். அப்படிச் செய்தால் கறுகறுவென்று ஒரு நிறம் ஏறும், துருப் பிடிக்காது. புகையைப் பார்த்து ஸ்வர்ணலதா தெருவுக்கே ஓடிவிட்டாள்.

ஹோல்டரைப் போஸ்டில் சொருகினேன். ஒரு நட்டைத் திருப்பி உயரம் வைத்தேன், ஒரு போல்ட்டை இறுக்கினேன். டூல் முனை மையத்தில் போய் நின்றது. கழற்றி மறுபடியும் மாட்டினேன். அதே இடத்தில் நின்றது. தகடும் இல்லை, தேடலும் இல்லை. கூடத்தில் தனியாக நின்றுகொண்டு கைதட்டினேன் சார், வெட்கமில்லாமல் சொல்கிறேன். யாரையும் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல், என் மூளையிலிருந்து வந்த முதல் பொருள் அது. குழந்தை பிறந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை, ஏனென்றால் அதில் ஸ்வர்ணலதாவுக்கும் பங்கு இருந்தது.

ஜெயச்சந்திரன் சந்தவாசல் பக்கத்து ஆள். அப்பா அம்மா கூலி வேலை செய்தவர்கள். ஐ.டி.ஐ. படித்து, ஒரு கம்பெனியில் சில வருஷம் ஷிப்ட் பார்த்துவிட்டு, தொண்ணூற்று எட்டில் போளூர் ரோட்டில் வீட்டோடு சேர்த்து ஒரு ஷெட் போட்டு லேத் வைத்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவன் தொழில் தொடங்கியதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திறப்பு நாளன்று ஒரு ஹோல்டர் செய்து, கறுப்பு ஏற்றி, குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அவன் என் வீட்டுக்கு வருவான், கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான். எங்கள் தெருவில் அதற்கு முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. அவனுக்கென்று தனியாக ஒரு நல்ல எவர்சில்வர் தட்டே வாங்கி வைத்திருந்தேன்.

ஒரு நாள் அவன் பட்டறைக்குப் போனபோது, நான் கொடுத்த ஹோல்டருக்குப் பக்கத்தில் அதே மாதிரி நாலைந்து வரிசையாக நின்றன.

"இன்னாப்பா இது, குட்டி போட்டுகினு இருக்குதா?" என்றேன்.

"எல்லாம் உன்னுதுதான் சம்பந்தம். உயரம் வைக்கிற நட்டுக்கு ஸ்பேனர் தேடித் தேடி ஒரே பேஜாராப் பூட்ச்சு. அதான் கையாலயே திருவுற மாதிரி நர்லிங் போட்டேன். புடிச்சுப் பாரு."

பிடித்துப் பார்த்தேன். நட்டைச் சுற்றி, விரல் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாக வரி வெட்டியிருந்தான். கை வைத்ததும் திரும்பியது, எடுத்ததும் நின்றது. நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சட்டைக்குப் பட்டன் வைத்திருக்கிறான். சட்டையைத் தைத்தவன் நான்.

ஆனால் உலகம் பட்டனைத்தான் பார்க்கிறது. கலசப்பாக்கத்திலிருந்து ஒரு லேத்காரர் வந்து அவனிடம் இரண்டு வாங்கிப் போனார். அவரைப் பார்த்துப் போளூரிலிருந்து ஒருவர் வந்தார். செய்யாறு பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிற ஃபிட்டர்கள் வழியில் இறங்கி வாங்கினார்கள். எல்லாருக்கும் அது 'ஜெயச்சந்திரன் ஹோல்டர்' ஆகிவிட்டது. உண்மையைச் சொல்லவேண்டும், அந்தப் பெயரை அவன் வைக்கவில்லை. யார் பாராட்டினாலும், "ஐடியா என்னுது இல்லீங்க, டவுன்ல சம்பந்தம்னு நம்ம ஃபிரண்டு, அவரோடது" என்பான். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திருடியிருந்தால் திருடன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என்னுடையதை எனக்கே தானம் பண்ணுகிறவனை என்ன செய்வது?

பஜாரில் கந்தசாமி என்பவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. ஒரு நாள் நான் அங்கே ஆக்சா பிளேடு வாங்கிக்கொண்டிருந்தபோது வெளியூர் ஆள் ஒருவர் வந்து, "ஜெயச்சந்திரன் ஹோல்டர் உங்ககிட்ட கிடைக்குமா?" என்று கேட்டார். நான் நிதானமாகத்தான் சொன்னேன், அது ஜெயச்சந்திரன் செய்தது இல்லை, நான் செய்தது என்று. கந்தசாமி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம், சம்பந்தம்?"

கடையே சிரித்தது. பெயிண்ட் வாங்க வந்த ஒரு அம்மாள் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வெளியூர் ஆளும் சிரித்தார், என் பெயர் அதுதான் என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கியபின் இன்னொரு தடவை சிரித்தார். நல்ல வேடிக்கைதான். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அப்பா தேவாரம் பாடுகிறவர், ஞானசம்பந்தர் நினைவாக வைத்த பெயர் அது. இப்படிப் பயன்படும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆரணி சின்ன ஊர். ஒரு வேடிக்கை கிடைத்தால் அதைத் தேயும்வரை விடமாட்டார்கள். டீக்கடையில் பேப்பரை எடுத்தால், "பேப்பருக்கும் உனக்கும் இன்னா சம்பந்தம்?" கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டால், "பாயசத்துக்கும் உனக்கும் இன்னா சம்பந்தம்?" குழம்பில் உப்புக் குறைவு என்று நான் சொன்ன அன்று ஸ்வர்ணலதாவே அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. நான் அவள்மேல் கோபப்படவில்லை. உப்புப் போடாமலே சாப்பிட்டு முடித்தேன்.

பிறகு உட்கார்ந்து நியாயமாக யோசித்தேன். ஜெயச்சந்திரன்மேல் எனக்குத் துளியும் விரோதம் இல்லை. கந்தசாமிமேலும் இல்லை. பிரச்சினை எங்கே என்றால், ஒரே பொருளை இரண்டு பேர் செய்கிறோம். இரண்டு பேர் செய்கிற வரைக்கும் பெயர்க் குழப்பம் தீராது. ஒருவர் நிறுத்தவேண்டும். நான் நிறுத்தலாமா என்றால், அது என் பொருள். அவனை நிறுத்தச் சொல்லலாமா என்றால், சொன்னால் உடனே நிறுத்திவிடுவான். அந்த மாதிரி ஆள். "சம்பந்தம் கேட்டான், விட்டுட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லவும் சொல்வான். மறுபடியும் தானம். அது எனக்கு வேண்டாம் என்று தீர்மானித்தேன்.

இங்கே பட்டு வேஸ்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கை துடைக்கவும் மிஷின் துடைக்கவும் எல்லாப் பட்டறையிலும் பனியன் வேஸ்ட் வாங்குவார்கள், திருப்பூர்ப் பக்கமிருந்து மூட்டையாக வரும். எங்கள் ஊரில் இன்னொன்றும் கிடைக்கும். தறியில் புதுப் பாவு நூலை இணைக்கும்போது வெட்டிப்போடும் நுனிகள், அறுந்த இழைகள், சிக்கு. தம்பி வீட்டில் அது எப்போதும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். நானும் கொஞ்ச காலம் அதைக்கொண்டு துடைத்திருக்கிறேன். தொட்டால் பூ மாதிரி இருக்கும், துடைத்த இரும்பில் ஒரு மினுக்கு வரும்.

ஒரு தடவை, ஓடிக்கொண்டிருந்த ஷாஃப்ட் தண்டைத் துடைத்தபோது அது மாட்டிக்கொண்டது. ஓடும்போது துடைக்கக் கூடாதுதான். ஆனால் துடைக்காத லேத்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை. பனியன் வேஸ்ட் மாட்டினால் கிழிந்துகொண்டு போய்விடும், நமக்குப் பயம் மட்டும்தான் மிச்சம். பட்டு கிழியாது. எங்கள் தெருவில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒரு பிடி இழையை இரண்டு ஆள் நின்று இழுத்தாலும் வராது. இருந்தும் நான் மறந்துவிட்டிருந்தேன். அது என் விரல்களைச் சுற்றி மணிக்கட்டுக்கு ஏறிவிட்டது. நல்ல வேளையாக என் மிஷினில் பெல்ட் தளர்ந்துபோய் இருந்தது. பெல்ட் வழுக்கியது, மிஷின் நின்றது. கத்தரியால் வெட்டி எடுத்தேன். அன்றோடு பட்டை விட்டுவிட்டுப் பனியனுக்குத் திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. பட்டுத் தெருக்காரன் பட்டிலேயே மாட்டிக்கொண்டான் என்று தெரிந்தால் கந்தசாமிக்கு இன்னொரு வருஷம் ஓடும்.

இரண்டாயிரத்து மூன்றில், ஆவணி பிறந்ததும், ஒரு மூட்டை பட்டு வேஸ்ட்டை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஜெயச்சந்திரன் பட்டறைக்குப் போனேன். அவன் மனைவி அமலா அதில் ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக மின்னியது.

"பட்டுலயா மிஷின் துடைப்பாங்க? எங்க ஊட்ல கல்யாணத்துக்கே ஒரு பட்டுதாண்ணே எடுத்தாங்க" என்று சிரித்தாள்.

ஜெயச்சந்திரன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "சம்பந்தம் குடுத்தா சும்மாவா? மூஞ்சியே துடைக்கலாம் போல கீது" என்றான். அவன் நெசவு பார்த்து வளர்ந்தவன் இல்லை. பட்டு என்றால் அவனுக்கு மென்மை, அவ்வளவுதான் தெரியும். நான் அவனை எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. திரும்பி வரும்போது அவனிடம் மீதி இருந்த பனியன் வேஸ்ட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன், என்னிடம் தீர்ந்துபோயிருந்தது.

அவன் மிஷினிலும் பெல்ட் தளர்ந்திருந்ததைக் கவனித்தேன். சிநேகிதன் என்றால் இதையெல்லாம் கவனிக்கவேண்டும். நானே புதுப் பெல்ட் வாங்கிவந்து, மோட்டாரைத் தள்ளி, நன்றாக இறுக்கி மாட்டிக்கொடுத்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "யப்பா, இனிமே நிக்கவே நிக்காது போல" என்று குஷியாகச் சொன்னான். நிற்காதுதான்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அவன் பட்டறைக்குப் போய் உட்கார்ந்தேன். என் வேலை எவ்வளவோ கெட்டது, அதை நான் பெரிதுபடுத்தவில்லை. சுவரில் மெயின் சுவிட்ச் இருந்தது. அதற்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு அதில்தான் உட்காருவேன். ஃபேனுக்குப் பக்கத்தில் வாப்பா என்பான். இங்கேயே சௌகரியம் என்பேன். பழைய கதை, சினிமா, அவன் மாமியார் அடிக்கிற லூட்டி என்று பேசிக்கொண்டிருப்போம். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் அவைதான் என்று தோன்றுகிறது. ஒரே கவலை, நான் இல்லாத நேரத்தில் நடந்துவிடுமோ என்பது. அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்த ஸ்டூல் விஷயத்தை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றித் தப்பாக நினைக்கத் தோன்றினால் அப்போது உதவும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாப் பட்டறையிலும் துடைப்புத்தான். அன்றைக்குத் துடைக்கிற துடைப்பு வருஷம் முழுக்கத் துடைக்காததற்குச் சேர்த்துத் துடைப்பது. ஜெயச்சந்திரன் ஒரு நீள ஷாஃப்டை மெருகேற்றிக்கொண்டிருந்தான், பூஜைக்கு மிஷினில் அதை வைத்து மாலை போடலாம் என்று ஆசை. ஓடவிட்டு, ஒரு பெரிய பிடி பட்டு எடுத்து அழுத்தினான். என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினான். அப்போது மாட்டியது.

அதிகம் சத்தம் இல்லை. நான் எழுந்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, உட்கார்ந்தபடியே கை எட்டியது, சுவிட்சை இழுத்தேன். இன்னும் முன்னாலேயே இழுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முன்னாலேயே இழுத்திருந்தால் இத்தனை நாள் அங்கே உட்கார்ந்ததற்கு அர்த்தமே இல்லை.

வேலூர் கொண்டுபோனோம். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே வலது கையை எடுத்துவிட்டார்கள். மிஷினை உடனே நிறுத்தியிருக்காவிட்டால் ஆளே போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். அமலா வராந்தாவில் என் காலில் விழுந்தாள். "அண்ணே, நீங்க அங்க இல்லன்னா என் தாலி போயிருக்கும்ணே" என்றாள். அவளைத் தூக்கி நிறுத்தினேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்காமல் என்ன செய்யும், அவன் என் உயிர்ச் சிநேகிதன்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே நான் அந்தக் கையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்கள் பார்த்ததுதான். முன்னங்கையில் மாட்ட அலுமினியக் குழல், உள்ளே தோல், முழங்கைக்கு மேல் வார். முனையில் ஹோல்டரில் வெட்டுகிற அதே காடி. அதில் எதை வேண்டுமானாலும் சொருகலாம். ஸ்பூன், பேனா, அரம், லேத்தின் கைப்பிடியைப் பிடிக்க ஒரு கொக்கி. சொருகி ஒரு நட்டைத் திருகினால் அசையாது. மனிதனுக்கு ஒரு டூல் ஹோல்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கை விரலாலேயே திருக வேண்டியிருப்பதால் அந்த நட்டுக்கு மட்டும் நர்லிங் போட்டே ஆகவேண்டியதாயிற்று. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஜெயச்சந்திரன் முதலில் அழுதான். பிறகு ஸ்பூனைச் சொருகிக்கொண்டு உப்புமா சாப்பிட்டான். பாதி உப்புமாவில் சிரிக்க ஆரம்பித்தான்.

"சம்பந்தம், நான் செத்தா இத்த உருவிட்டுப் பொதைங்க. வேற எவனுக்காச்சும் ஆவும்."

அவ்வளவு நல்ல மனசு அவனுக்கு. யார் கேட்டாலும் அதைத் தூக்கிக் காட்டி, "இது சம்பந்தம் கை" என்றான். இந்தத் தடவை பெயர் சரியாக ஒட்டியது. அரிசி மில்லில் விரல் போனவர், கரும்பு ஆலையில் கை போனவர், விசைத்தறியில் அடிபட்டவர், திருவண்ணாமலையிலிருந்துகூட வந்து, "சம்பந்தம் கை இங்கதான் செய்றாங்களா?" என்று கேட்டார்கள். இதுவரை எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். மனதார வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். கந்தசாமிகூடக் கடையில் எல்லாருக்கும் முன்னால், "எதுல பாத்தாலும் சம்பந்தத்தோட கை இருக்குதுப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அன்றைக்குத்தான் மனம்விட்டுச் சிரித்தேன்.

ஹோல்டர் செய்வதை ஜெயச்சந்திரன் விட்டுவிட்டான். அந்த வேலைக்கு இரண்டு கை வேண்டும். சின்னச் சின்ன வேலைகள் கடைகிறான், குடும்பம் ஓடுகிறது. ஹோல்டர் இப்போது நான் மட்டும்தான் செய்கிறேன். கலசப்பாக்கத்துக்காரர் இன்னமும் 'ஜெயச்சந்திரன் ஹோல்டர்' என்றுதான் கேட்கிறார். போகட்டும், வயதானவர்.

நேற்று நீங்கள் ஜெயச்சந்திரனைப் பார்த்துப் பேசினீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தான் வந்து வண்டியை விட்டு இறங்கும்போதே சம்பந்தம் அந்தக் கையோடு வாசலில் நின்றான் என்று அவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். மூன்று வருஷமாக இந்த ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி மெச்சுகிறது, ஒருவரும் நின்று யோசித்ததில்லை. நீங்கள்தான் வந்ததும் வராததுமாக, "இப்படி ஒன்று செய்ய எவ்வளவு காலம் பிடிக்கும்?" என்று கேட்டீர்கள். கண்காட்சிப் பலகையில், 'நண்பரின் விபத்தைக் கண்டு மனம் உருகி உருவாக்கியது' என்று எழுதப்போவதாகவும் சொன்னீர்கள். சார், அது பிழை. அதைத் திருத்தத்தான் இவ்வளவும் சொன்னேன். அப்படி எழுதினால் அந்த யோசனை விபத்துக்குச் சொந்தமாகிவிடும். மறுபடியும் அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆகிவிடும்.

முதல் கைக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. ஆனி மாதம் ஒரு மத்தியானம் ஜெயச்சந்திரன் என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். உனக்கு ஒரு காப்பு செய்து போடுகிறேன், கையை நீட்டு என்றேன். காலிப்பரால் மணிக்கட்டை அளந்தேன், அதற்கு மேலே அளந்தேன், முழங்கைக்குக் கீழேயும் அளந்தேன். கையை நீட்டிக்கொண்டே, "வெள்ளியா, இரும்பா?" என்று கேட்டான். "அலுமினியம்" என்றேன். "அடப் பாவி" என்று சிரித்தான். டாக்டர்கள் எந்த இடத்தில் எடுப்பார்கள் என்று தெரியாததால் குழலின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வைத்தேன். ஆடி முடிவதற்குள் வேலை முடிந்தது. துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன். அதன் பிறகுதான் தம்பி வீட்டுக்குப் போய்ப் பட்டு வேஸ்ட் மூட்டையைக் கேட்டேன்.

ஸ்வர்ணலதாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பூஜைக்காகப் பரணைச் சுத்தம் பண்ணியபோது எடுத்துப் பிரித்துப் பார்த்தாள்.

"இது இன்னாங்க?"

"ஒருத்தருக்கு ஆர்டர்."

"யாருக்கு?"

"இன்னும் வரல" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அவளுக்குச் சேதி போயிற்று. அதற்குப் பிறகு அவள் என்னிடம் அந்த வேடிக்கைக் கேள்வியைக் கேட்டதே இல்லை. குழம்பில் உப்பும் சரியாக இருக்கிறது. அந்த அளவில் வீட்டிலும் நிம்மதி.

ஆகவே பலகையில் 'கண்டுபிடித்தவர் சம்பந்தம், ஆரணி' என்று மட்டும் எழுதுங்கள். விபத்துக்கு முன்பே செய்து முடித்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் எனக்குத் திருப்தி. ஏன் சார், அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் கெட்டவன் என்று தோன்றுகிறதா? நீங்களே நியாயமாக யோசித்துப் பாருங்கள். அவனுக்குக் கெடுதல் நினைத்திருந்தால், கையை முதலிலேயே செய்து வைத்திருப்பேனா?